பழைய ஜீன்ஸ், பனியன், புடவை: வீட்டிலேயே பையும் பாவாடையும் செய்ய முழு வழிகாட்டி

புதுத் துணியில் தைப்பதும் பழைய துணியில் தைப்பதும் ஒன்றல்ல. கடையில் கிழித்து வாங்கும் துணி முதல் முழத்திலிருந்து கடைசி முழம் வரை ஒரே பலத்தில் இருக்கும். பழைய துணியில் சாணுக்குச் சாண் பலம் மாறும். ஒரே ஜீன்ஸில் தொடையின் உள்பக்கம் சல்லடையாகியிருக்கும், முழங்காலுக்குக் கீழே வாங்கிய அன்று இருந்த மாதிரியே கெட்டியாக இருக்கும். பழைய துணியில் தைத்த பை இரண்டு மாதத்தில் கைப்பிடி பிய்ந்து விழுந்தால் பெரும்பாலும் தையலைக் குறை சொல்கிறோம். நைந்த பகுதியைக் கொண்டுபோய்ப் பாரம் விழும் இடத்தில் வைத்ததுதான் காரணமாக இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் தையலுக்குக் கொடுக்கும் அளவு இடத்தைத் துணியைப் பார்ப்பதற்கும் கொடுத்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. துணிப்பை மறுபடி கைக்கு வந்தது நல்ல விஷயம். ஆனால் புதுத் துணிப்பையை வாங்கி வாங்கிச் சேர்த்தால் பலன் இல்லை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு புவி வெப்பக் கணக்கில் சமமாக வர, புதுப் பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும் என்று கணக்கிட்டது. பருத்தி விளைவிக்க, நூற்க, நெய்ய, சாயமேற்ற ஆகும் செலவு அவ்வளவு. பீரோவில் கிடக்கும் ஜீன்ஸுக்கு அந்தச் செலவெல்லாம் எப்போதோ ஆகிவிட்டது. அதை வெட்டித் தைத்தால் கூடுதலாகப் போவது கொஞ்சம் நூலும் நம் நேரமும்தான்.

துணியைப் பார்த்து எடுப்பது

பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் நின்று துணியை இரண்டு கையாலும் விரித்துத் தூக்கிப் பிடியுங்கள். நைந்த இடம் வழியாக வெளிச்சம் கூடுதலாக வரும். அந்த இடங்களைச் சுற்றி டெய்லர் சாக்கால் வட்டம் போடுங்கள். அப்புறம் துணியை இரண்டு கட்டை விரல்களுக்கு நடுவே அழுத்திப் பிடித்து, சட்டென்று இருபுறமும் இழுத்துப் பாருங்கள். நல்ல துணி விறைப்பாக நிற்கும். பலமிழந்த துணி 'சர்' என்று மெல்லிய சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும். சத்தம் வந்தால் அது தலையணைக்குள் அடைக்கத்தான் ஆகும், பைக்கு வேண்டாம். நீளவாக்கில், குறுக்குவாக்கில் இரண்டு பக்கமும் இப்படி இழுத்துப் பார்க்க வேண்டும். குறுக்கே ஓடும் ஊடை இழை மட்டும் செத்துப்போய், நீளவாக்கில் ஓடும் பாவு நன்றாக இருக்கும் துணிகள் நிறைய உண்டு.

எந்த உடை எங்கே நையும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஜீன்ஸில் தொடை உள்பக்கம், முழங்கால், கீழ் மடிப்பு. ஆண்கள் சட்டையில் காலர், கஃப், அக்குள். முதுகுப் பகுதி எப்போதும் நன்றாக இருக்கும், லைனிங்குக்கு அதைவிட நல்ல துணி கிடைக்காது. பெட்ஷீட்டில் நடுப்பகுதி போயிருக்கும், ஓரங்கள் இருக்கும். லுங்கியில் உட்காரும் இடம். புடவையில் கொசுவத்தின் அடி ஓரமும், தோளில் பின் குத்தும் இடமும் முதலில் போகும். இடுப்பைச் சுற்றி உள்ளே செருகும் முதல் சுற்று வெயில் படாமல், தரையில் இழுபடாமல் கடைசி வரை புதுசாகவே இருக்கும்.

பருத்தியா, பாலியெஸ்டரா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஓர் இழையை உருவிச் சமையலறைத் தொட்டி மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாகும். பட்டு முடி கருகிய வாசனை தரும். இது எதற்கென்றால், கைக்குழந்தை உடைக்கும் லைனிங்குக்கும் பருத்தி வேண்டும். மழையில் நனையும் பைக்குப் பாலியெஸ்டர் கலந்தது நல்லது, சீக்கிரம் காயும்.

வீட்டில் துணி போதவில்லை என்றால் தெருமுனை டெய்லரிடம் கேளுங்கள். வெட்டி மிஞ்சின துண்டுகள் மூட்டையாகக் கிடக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார். திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பனியன் கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும்.

துவைப்பது, பிரிப்பது

எடுத்து வைத்த துணி எல்லாவற்றையும் வெந்நீரில் ஒரு முறை அலசிக் காயவையுங்கள். பட்டுக்கு மட்டும் பச்சைத் தண்ணீர். பழைய துணி ஏற்கெனவே சுருங்கி முடிந்தது. அதோடு புதுப் பருத்தித் துணியை லைனிங்காகச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் புதுசையும் கட்டாயம் நனைத்துக் காயவைத்து எடுங்கள். இல்லையென்றால் முதல் துவைப்பில் லைனிங் மட்டும் சுருங்கி, பையின் அடிப்பகுதியை மேலே இழுத்துவிடும். அடர் நீல ஜீன்ஸ் சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியை ஈரமாக்கித் தேய்த்துப் பாருங்கள். நீலம் ஒட்டினால் இன்னும் இரண்டு முறை அலச வேண்டும், அதுவரை வெள்ளை வேட்டியை லைனிங்காகப் போடாதீர்கள்.

தையலைப் பிரிக்கும்போது ஒவ்வொரு தையலாக அறுக்க வேண்டாம். ஒரு பக்கம் நாலைந்து தையலுக்கு ஒன்று என்று அறுத்துக்கொண்டே போங்கள். துணியைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்து நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தமாக உருவி வந்துவிடும். பிளேடில் பிரிப்பதைவிட, இருபது முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் தையல் பிரிக்கும் கருவி நல்லது. துணி கிழியாது, விரலும் தப்பிக்கும். ஜிப், பட்டன், கொக்கி எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். எலாஸ்டிக்கை மட்டும் சேர்க்காதீர்கள், பழைய எலாஸ்டிக் தொய்ந்து போயிருக்கும்.

பின் இஸ்திரி போடுங்கள். ஜீன்ஸ் காலை விரித்துப் போட்டால் பக்கத் தையல் நேராக இல்லாமல் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். சாய்வாக நெய்யும் டெனிம் துணி, துவைக்கத் துவைக்க இப்படித் திருகிக்கொள்ளும். அந்தத் தையலை நேர்க்கோடாக நினைத்து அளந்தால் பை ஒரு பக்கமாகக் கோணும். வெட்டிய ஓரத்தில் நீளவாக்கில் ஓர் இழையை உருவுங்கள், அது போகும் வழிதான் நேர். அதற்கு இணையாகக் கோடு போட்டு வெட்டுங்கள்.

மெஷின், ஊசி, நூல்

பழைய கறுப்பு கால் மெஷினே போதும். நேர் தையல் மட்டும் போடும் அந்த இரும்பு மெஷின், டெனிமில் பல புது பிளாஸ்டிக் மெஷின்களைவிட நன்றாக ஓடும். ஊசிதான் முக்கியம். புடவை, பட்டுக்கு 11ஆம் நம்பர். சட்டைத் துணி, வேட்டிக்கு 14. ஜீன்ஸுக்கு 16, கைப்பிடி சேரும் தடிப்பான இடத்துக்கு 18. பனியன் துணியை மெஷினில் தைப்பதானால் முனை உருண்ட ஊசி என்று கேட்டு வாங்குங்கள், சாதா ஊசி இழையை அறுத்து ஓட்டை போடும். டெனிம் தைக்கும் ஊசி சீக்கிரம் மழுங்கும். தையல் விட்டு விட்டு விழ ஆரம்பித்தால் மெஷினைத் திருகாதீர்கள், முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள்.

பைக்குப் பாலியெஸ்டர் நூல். சாதாரணப் பருத்தி நூல் பாரம் தாங்காது. தையல் நீளம் புடவைக்கு இரண்டரை மில்லிமீட்டர், ஜீன்ஸுக்கு மூன்றிலிருந்து மூன்றரை, அரிசிச் சாக்குக்கு நாலு. இன்ச் டேப், நல்ல கத்தரி, சாக், குண்டூசி, ஒரு சின்னச் சுத்தியல் இருந்தால் ஆரம்பிக்கலாம். சுத்தியல் எதற்கென்று கீழே வருகிறது.

ஜீன்ஸில் மார்க்கெட் பை

தைத்து முடித்தபின் 12 இன்ச் அகலம், 14 இன்ச் உயரம், 4 இன்ச் அடி இருக்கும் பை இது. இரண்டு கிலோ வெங்காயம், ஒரு கிலோ தக்காளி, கீரைக்கட்டு, தேங்காய் என்று ஒரு நடைச் சாமானை வைத்துக்கொண்டு வரலாம்.

அளவுக் கணக்கு இப்படி: அகலத்துக்கு 12, அடிக்கு 4, இரண்டு பக்கத் தையலுக்கு அரை அரை இன்ச். ஆக 17. உயரத்துக்கு 14, அடியில் பாதி 2, மேல் தையல், கீழ்த் தையலுக்கு ஒன்று. அதுவும் 17. இரண்டு காலிலிருந்தும் 17க்கு 17 சதுரம் ஒவ்வொன்று வேண்டும். காலின் உள்பக்கத் தையல் மடித்து இரட்டைத் தையல் போட்டது, பிரிப்பது பெரிய வேலை. அதன் இரண்டு பக்கத்தையும் ஒட்டி வெட்டி எறிந்துவிடுங்கள். எப்படியும் நைந்துபோன உள்தொடை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. வெளிப்பக்கத் தையல் சதுரத்தின் நடுவில் வரும், பார்க்கவும் அழகாக இருக்கும். கால் குறுகலாக இருந்து 17 வரவில்லை என்றால் இன்னொரு ஜீன்ஸிலிருந்து பட்டை வெட்டி ஒட்டுப் போடலாம். அந்த ஒட்டைப் பையின் நடுவில் வையுங்கள், ஓரத்தில் வேண்டாம். ஓரத்தில் ஏற்கெனவே தையல் தடிப்பு உண்டு.

லைனிங்குக்குப் பழைய பருத்திப் புடவையோ சட்டை முதுகோ இரண்டு துண்டு, 17 இன்ச் அகலம், உயரம் மட்டும் 16¾. அந்தக் கால் இன்ச் குறைவால்தான் லைனிங் உள்ளே தொளதொளவென்று கிடக்காது. துணி மிகவும் மெல்லியது என்றால் இரண்டு மூன்று மடிப்பாக அடுக்கி, கையால் ஓட்டுத் தையல் போட்டு ஒன்றாக்குங்கள். வங்காளத்தில் காந்தா என்று பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கித் தைப்பது இந்த முறையில்தான். நூல்கூட அந்தப் புடவைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்கள். தனியாக நிற்காத துணி, அடுக்கித் தைத்தால் தடிமனாகிப் பல வருஷம் நிற்கும்.

பாக்கெட்டுக்கு ஜீன்ஸின் பின்பாக்கெட்டைப் பிரித்து எடுக்க வேண்டியதில்லை. பாக்கெட்டைச் சுற்றி ஒரு இன்ச் விட்டு, அடித் துணியோடு சேர்த்து வெட்டுங்கள். அந்த ஒரு இன்ச்சை மடித்து லைனிங்கின் மேல் ஓரத்திலிருந்து 4 இன்ச் கீழே வைத்துச் சுற்றித் தையுங்கள். சில்லறை, ரேஷன் கார்டு, போன் வைக்கலாம்.

இனி கைப்பிடி. நான் பார்த்தவரை பை போவது இங்கேதான், நிதானமாகச் செய்யுங்கள். ஜீன்ஸின் இடுப்புப் பட்டை ஏற்கெனவே இரண்டு மடிப்பு, ஓரம் கட்டியது, சேதமே ஆகாதது. பெல்ட் செருகும் வளையங்களைப் பிரித்துவிட்டு, பட்டன் முனையையும் காஜா முனையையும் வெட்டிவிட்டு, மீதியைச் சரிபாதியாக்கினால் இரண்டு கைப்பிடி வரும். கையில் தூக்க இது போதும். தோளில் மாட்ட வேண்டுமென்றால் 28 இன்ச் நீளம், 2 இன்ச் அகலத்தில் டெனிம் பட்டை இரண்டு வெட்டி, இரண்டு ஓரத்தையும் அரை இன்ச் உள்ளே மடித்து, அதன்மேல் கெட்டியான புடவைக் கரையை வைத்து இரண்டு பக்கமும் தையல் போடுங்கள். டெனிமையே நாலாக மடிக்கலாம்தான், ஆனால் பையோடு சேர்க்கும்போது மெஷின் திணறும். கரை வைத்தால் பலமும் இருக்கும், தோளிலும் உறுத்தாது.

வெளித் துண்டின் நல்ல பக்கத்தில், இரண்டு ஓரத்திலிருந்தும் ஐந்தரை இன்ச் தள்ளிக் கைப்பிடி முனைகளை வையுங்கள். கைப்பிடி கீழ்நோக்கித் தொங்க வேண்டும், முனை மட்டும் துணியின் மேல் ஓரத்தைத் தாண்டி இரண்டரை இன்ச் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கடையில் விற்கும் பைகள் பலவற்றில் அரை இன்ச்தான் நீட்டியிருக்கும், அதனால்தான் அவை உருவிக்கொண்டு வருகின்றன. ஓரத்தை ஒட்டி ஒரு தையல் போட்டு நிறுத்துங்கள்.

இரண்டு வெளித் துண்டுகளையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்து, இரண்டு பக்கமும் அடியும் அரை இன்ச் விட்டுத் தையுங்கள். அடித் தையலை இரண்டு முறை ஓட்டுங்கள். கீழ் மூலையைப் பிடித்து, பக்கத் தையலும் அடித் தையலும் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு முக்கோணமாக அமுக்குங்கள். நுனியிலிருந்து 2 இன்ச் உள்ளே, குறுக்கே 4 இன்ச் அகலம் வரும் இடத்தில் கோடு போட்டுத் தைத்து, மிச்ச முக்கோணத்தை வெட்டிவிடுங்கள். இரண்டு மூலையிலும் இப்படிச் செய்தால் பைக்குத் தட்டையான அடி வந்துவிடும். லைனிங்கையும் இதே மாதிரி தையுங்கள், அடியில் மட்டும் நடுவில் 6 இன்ச் தைக்காமல் விடுங்கள்.

வெளிப்பையை நல்ல பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, திருப்பாத லைனிங்குக்குள் நுழையுங்கள். இப்போது இரண்டின் நல்ல பக்கமும் ஒன்றையொன்று பார்த்திருக்கும், கைப்பிடிகள் நடுவில் மாட்டியிருக்கும். மேல் விளிம்பைச் சுற்றி அரை இன்ச் விட்டுத் தையுங்கள். பக்கத் தையல் வரும் இடத்தில் துணி தடித்து மேடு கட்டும். அந்த மேட்டைத் தைப்பதற்கு முன் கெட்டியான தரையில் வைத்துச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் படியும். மெஷினின் அழுத்துப் பாதம் மேட்டில் ஏறும்போது முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். பாதத்தின் பின்பக்கத்தில் மடித்த அட்டைத் துண்டைக் கொடுத்து மட்டமாக்குங்கள், காலை எடுத்துவிட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்றி ஒவ்வொரு தையலாகத் தாண்டுங்கள். ஊசி உடையாது.

லைனிங் அடியில் விட்ட இடைவெளி வழியாகப் பையை வெளியே இழுத்துத் திருப்பி, அந்த இடைவெளியைத் தைத்து மூடுங்கள். மேல் விளிம்பை விரலால் நன்றாக நீவி, கால் இன்ச் உள்ளே சுற்றி ஒரு மேல் தையல். உள்ளே நீட்டிக்கொண்டிருந்த இரண்டரை இன்ச் கைப்பிடி முனை இப்போது டெனிமுக்கும் லைனிங்குக்கும் நடுவே படுத்திருக்கும். தடவிப் பார்த்து இடம் தெரிந்துகொண்டு, வெளியிலிருந்து கைப்பிடியின் அகலத்துக்கு ஒரு சதுரம் தைத்து, அதற்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போடுங்கள். ஆரம்பிக்கும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் முன்பின்னாக ஓட்டிக் கெட்டித் தையல். நாலு முனையிலும் இதைச் செய்தபின் பாரம் ஒரே கோட்டில் விழாமல் சதுரம் முழுவதும் பரவும்.

அரிசிச் சாக்கில் பை

25 கிலோ அரிசி வரும் வெள்ளைச் சாக்கு, பாலிப்ரோபிலீன் பட்டைகளில் நெய்தது. மீன், கறி, மண் ஒட்டின கிழங்கு வாங்க இதுதான் வசதி, ஒரு வாளி தண்ணீரில் கழுவிவிடலாம். முறை ஜீன்ஸ் பை மாதிரியேதான், லைனிங் வேண்டாம். மூன்று விஷயம் மட்டும் கவனியுங்கள். இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகிவிடும். வெட்டின ஓரம் பிசிர் பிசிராகப் பிரியும், அதனால் எல்லா ஓரத்தையும் இரண்டு முறை மடித்துத் தைக்க வேண்டும். பொடித் தையல் போட்டால் ஊசி ஓட்டைகள் வரிசையாகச் சேர்ந்து அந்தக் கோட்டிலேயே கிழியும், எனவே நீளத் தையல். மாடியில் பல நாள் வெயிலில் கிடந்த சாக்கை எடுக்காதீர்கள். கையால் கசக்கினால் பொடியாக உதிரும்.

பழைய ஃப்ளெக்ஸ் பேனரிலும் பை தைக்கிறார்கள். அது பிவிசி பூசின துணி, அச்சு மையும் உண்டு. செடித்தொட்டிக்கோ, மோட்டார் பைக் சாமான் வைக்கவோ ஆகும். சாப்பிடும் பொருளை அதில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பழைய பனியனில் நூல், நூலில் பை

மெஷின் இல்லாதவர்களுக்கு இது. டி-ஷர்ட் பருத்தியாக இருக்க வேண்டும், பக்கத் தையல் இல்லாமல் குழாயாகப் பின்னியதாக இருந்தால் இன்னும் நல்லது. அக்குளுக்குக் கீழே குறுக்காக வெட்டி மேல்பகுதியை எடுத்துவிடுங்கள், அடி மடிப்பையும் வெட்டுங்கள். கிடைக்கும் குழாயைத் தட்டையாகப் போட்டு, ஒரு பக்கத்து மடிப்பை எதிர் மடிப்புக்கு இரண்டு இன்ச் முன்னால் வரும்வரை நகர்த்தி வையுங்கள். அந்த மடிப்பிலிருந்து ஆரம்பித்து ஒரு இன்ச் அகலப் பட்டைகளாக, எதிர் ஓரத்து ஒற்றைத் துணியில் ஒரு இன்ச் மிச்சம் விட்டு வெட்டிக்கொண்டே போங்கள். பட்டைகள் எல்லாம் அந்த ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். வெட்டாத பகுதியை விரித்து, முதல் வெட்டிலிருந்து எதிர்ப்பக்கத்து இரண்டாவது வெட்டுக்குச் சாய்வாக வெட்டினால் பட்டைகள் ஒரே நீளமாகத் தொடரும். கை நீளத்துக்குக் கை நீளம் இழுத்துவிட்டால் ஓரங்கள் உள்ளே சுருண்டு உருண்டை நூலாகும். பெரியவர் டி-ஷர்ட் ஒன்றில் பதினைந்து மீட்டருக்கு மேல் வரும். ஒரு பைக்கு நாலைந்து டி-ஷர்ட் தேவைப்படும்.

குரோஷா ஊசி, அதாவது நுனியில் கொக்கி இருக்கும் பின்னல் ஊசி, 9 அல்லது 10 மில்லிமீட்டர் தடிமனில் வாங்குங்கள். சங்கிலி 15 போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் ஆரம்பித்து 13 ஒற்றைக் குரோஷா (ஊசியை உள்ளே விட்டு நூலை இழுத்து, மறுபடி நூலைச் சுற்றி ஊசியில் இருக்கும் இரண்டு வளையம் வழியாகவும் இழுப்பது), கடைசிச் சங்கிலியில் 3. பின்னலைத் திருப்பாமல் சங்கிலியின் மறுபக்கத்தில் 12, முடியும் சங்கிலியில் 2. மொத்தம் 30, முட்டை வடிவில் ஒரு சுற்று வந்துவிடும். அடுத்த மூன்று சுற்றிலும் ஒவ்வொரு முனையிலும் 3 கண்ணில் இரண்டிரண்டு போட்டு, சுற்றுக்கு 6 கூட்டுங்கள்: 36, 42, 48. அடி தட்டையாகப் படுக்கிறதா என்று தரையில் வைத்துப் பாருங்கள். ஓரம் மேலே தூக்கினால் நூலை இறுக்கிப் போடுகிறீர்கள், அலையலையாக வந்தால் கை தளர்ந்திருக்கிறது.

48 வந்தபின் கூட்டாமல் அப்படியே சுற்றிச் சுற்றி 10 இன்ச் உயரம் போங்கள். ஒரு டி-ஷர்ட் நூல் தீர்ந்ததும் அடுத்ததை முடிச்சுப் போட வேண்டாம். இரண்டு முனையிலும் சின்ன வெட்டுப் போட்டு, ஒன்றை மற்றதன் வெட்டுக்குள் நுழைத்து, அதன் வாலை அதன் வெட்டுக்குள்ளேயே இழுத்துக் கோத்தால் மேடு தெரியாது. நிறங்களை இடையிடையே மாற்றலாம். ஆனால் வேறு வேறு தடிமன் பனியனைக் கலக்காதீர்கள், பை இடுப்பு ஒடுங்கி வரும்.

மேலே வந்ததும் பையைத் தட்டையாக மடித்து இரண்டு பக்கத்திலும் நடு 8 கண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த 8 கண்ணைத் தாண்டி, அதற்குப் பதில் 14 சங்கிலி போட்டால் கைபிடிக்கும் இடம். அடுத்த சுற்றில் அந்தச் சங்கிலி மேலேயே 14 ஒற்றைக் குரோஷா, மற்றக் கண்களில் வழக்கம்போல. இன்னொரு சுற்றுப் போட்டு முடியுங்கள். பனியன் நூல் பாரத்தில் நீளும். அதனால் தோளில் மாட்டும் நீளக் கைப்பிடியை இதிலேயே பின்னாதீர்கள், முழங்காலுக்குப் பை இறங்கிவிடும். அதற்கு டெனிம் பட்டையைக் கையால் தைத்துச் சேருங்கள்.

அம்மா புடவையில் பாடி பாவாடை

ஐந்தரை மீட்டர் புடவையில் நல்ல பகுதி இரண்டு மீட்டர் கிடைத்தால் ஐந்து வயதுப் பெண்ணுக்கு ஒரு பாவாடை வரும். உள்ளே செருகும் சுற்றிலிருந்து எடுங்கள். பட்டென்றால் இழுத்துப் பார்க்கும் சோதனையைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். வருஷக் கணக்கில் ஒரே மடிப்பில் வைத்த பட்டு, அந்த மடிப்புக் கோட்டிலேயே விண்டுபோகும்.

கரை பாவாடையின் அடியில் வரட்டும், அடி மடிப்புத் தைக்கும் வேலையே இல்லை. குழந்தைக்கு நெஞ்சுக்குக் கீழிருந்து கணுக்கால் வரை அளந்து, அதோடு மூன்றரை இன்ச் கூட்டி, கரை ஓரத்திலிருந்து மேல்நோக்கி வெட்டுங்கள். அந்த மூன்றரையில் அரை இன்ச் தையலுக்கு, மூன்று இன்ச் டக் என்னும் மடிப்புத் தையலுக்கு. கரைக்கு மேலே முக்கால் இன்ச் ஆழத்தில் இரண்டு டக் பிடியுங்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை இன்ச் துணியை விழுங்கும். குழந்தை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். புதுத் துணியில் டக் பிரித்தால் உள்ளே இருந்த பகுதி பளிச்சென்று தனியாகத் தெரியும். பழைய புடவை ஏற்கெனவே வெளுத்து முடிந்ததால் அந்தக் கோடு அவ்வளவாகத் தெரியாது.

பாவாடையை இடுப்பில் நாடாவால் கட்ட வேண்டாம். பழைய துணி இழுபடும், குழந்தைக்கும் உறுத்தும். வேட்டித் துணியில் கையில்லாத பாடி வைத்துத் தைத்தால் பாரம் தோளுக்குப் போய்விடும். குழந்தைக்குச் சரியாக இருக்கும் பனியனைத் துணிமேல் வைத்து வரைந்து, பக்கத்துக்கு ஒன்றரை இன்ச் கூட்டி வெட்டுங்கள். பனியன் நீளும், வேட்டித் துணி நீளாது. முதுகில் 5 இன்ச் திறப்பு விட்டு இரண்டு கொக்கி. பாவாடைத் துணியின் மேல் ஓரத்தில் நீளத் தையல் இரண்டு வரிசை ஓட்டி, அடி நூலை இழுத்துச் சுருக்கி, பாடியின் சுற்றளவுக்குக் கொண்டுவந்து சேருங்கள். பட்டுக்கு உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் கட்டாயம், ஜரிகை காலில் குத்தாமல் இருக்கும்.

துவைத்தல், பழுது, மிச்சத் துணி

ஜீன்ஸ் பையை உள்பக்கம் வெளியே திருப்பித் துவைத்து, நிழலில், தலைகீழாகக் கொடியில் போடுங்கள். கைப்பிடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரம் முழுக்க அங்கே விழும். பின்னல் பையைக் கொடியில் போடவே கூடாது, தட்டையாக விரித்துக் காயவையுங்கள். மாதம் ஒரு முறை கைப்பிடிச் சதுரங்களைத் தடவிப் பாருங்கள். ஒரு நூல் விட்டிருந்தால் அன்றே ஊசி எடுத்தால் ஐந்து நிமிட வேலை. துணி கிழிந்துவிட்டால் உள்ளே ஒரு டெனிம் துண்டு வைத்து மறுபடி சதுரம் தைக்க வேண்டியிருக்கும்.

வெட்டி மிஞ்சின துண்டுகளில் உள்ளங்கை அளவுக்கு மேல் இருப்பவை ஒட்டுப் போட ஆகும், நிறம் பார்த்துக் கட்டி வையுங்கள். அதற்குக் கீழே இருப்பவற்றைப் பொடியாக நறுக்கிச் சாய்வுத் தலையணைக்குள் அடைக்கலாம், பஞ்சைவிடக் கனமாக, அசையாமல் நிற்கும். ஜீன்ஸ் பாக்கெட்டிலிருந்து எடுத்த செப்பு ரிவெட்டும், பித்தளை ஜிப்பும் மட்டும் துணிக் குப்பையோடு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பைக்கு ஜிப் தேவைப்படும், ரிவெட்டைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார்.